ஒத்திகை பார்த்த தப்பு

— சரியான விடையச் சொல்லச் சொன்னது யாரு உன்ன?

— மிஸ், நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்...

— நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கதவச் சாத்திட்டு உள்ள வா. அந்த உலக உருண்டைப் பக்கம் நில்லு... தட்டி விட்றாத.

— சாரி மிஸ்.

— நேத்து சாயங்காலம் உன்ன உட்கார வச்சு ஒத்திகை பார்த்தேனா இல்லையா? ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்னன்னு நான் கேப்பேன். நீ எந்திரிச்சு என்ன சொல்லணும்?

— ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர்.

— இப்ப அழகா வருது! இத அங்க சொல்றதுக்கு என்ன?

— அது தப்பு மிஸ்.

— தப்புன்னு எனக்குத் தெரியாதா? நீ தப்பா சொன்னாத்தானே நான் திருத்த முடியும்? பிள்ளைங்க தப்பு பண்ணா நாங்க எப்படித் திருத்துறோம்னு பார்க்கத்தான் எங்க பி.எட். காலேஜ்லேர்ந்து அந்த மேடம் வந்ததே. எனக்குப் பாதி மார்க்கு அதுக்குத்தான்.

— நான் சரியா சொன்னதும், "வெரி குட், உட்காரு"ன்னு சொல்லியிருக்கலாமே மிஸ்...

— சொல்லியிருக்கலாம். மனப்பாடம் பண்ணி வச்சதுதானே வாயில வந்துச்சு! "இல்லம்மா, எல்லாரும் பண்ற தப்புதான், பரவால்ல"...

— கிளாஸே சிரிச்சுது.

— முன் பெஞ்சுல நீங்க 'புரொபசர்'னு கூப்பிடுற பய வேற எந்திரிச்சு, "மிஸ், அவ சொன்னது கரெக்ட் மிஸ்"ங்கிறான். மேடம் பேனாவ மூடிட்டாங்க. பார்த்தியா? மார்க்கக் குறைச்சு எழுதக்கூட இல்ல. மூடிட்டாங்க.

— அதுக்கப்பறமும் நீங்க அட்டைய ஒட்டினீங்க...

— வேற என்ன பண்ணச் சொல்ற? வெட்டி வெட்டி விரல்ல கொப்புளமே வந்துடுச்சு. ஏ ஸ்கொயருக்கு ஒண்ணு, பி ஸ்கொயருக்கு ஒண்ணுன்னு ரெண்டு சதுரம், டூ ஏபிக்கு ரெண்டு செவ்வகம். "இந்த ரெண்டு செவ்வகத்தயும் விட்டுட்டியேம்மா"ன்னு சொன்னேன் பாரு... எதையும் விடாத ஒருத்தியப் பார்த்து!

— மிஸ், நீங்க சிரிக்கிறீங்களா, அழுறீங்களா?

— ரெண்டும் இல்ல. சாக்பீஸ் தூசி.

— மிஸ், ஒரு நிமிஷம் நான்...

— குறுக்க பேசாத. உனக்கு விளையாட்டாப் போச்சு. இந்தப் பாடத்துல ஃபெயிலானா எனக்கு ஒரு வருஷம் போச்சு, தெரியுமா? என் வீட்டுக்காரர் இப்பவே "உனக்கெதுக்கு இந்த வேண்டாத வேல"ங்கிறார். பச்சப் புள்ளய மாமியார்கிட்ட விட்டுட்டு வர்றேன். இன்னொரு வருஷம் பார்த்துக்குங்கன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?

— தெரியும் மிஸ். பாப்பா ஃபோட்டோ காட்டினீங்களே.

— தெரிஞ்சுமா செஞ்ச? சொல்லு மைனஸ், ஏன்?

— அப்படிக் கூப்பிடாதீங்க மிஸ்.

— என்ன, மைனஸ்னா கோபமா? எல்லாரும் அப்படித்தானே கூப்பிடுறாங்க.

— போன வருஷம் உங்கள மாதிரி ஒரு சார் பயிற்சிக்கு வந்தார். மைனஸ் இன்டு மைனஸ், மைனஸ்னு சொல்லச் சொன்னார். சொன்னேன். அவருக்கு நல்ல மார்க்கு, எனக்கு சாக்லேட். அதுலேர்ந்துதான் இந்தப் பேரு.

— ...அது நடிப்புன்னு யார்கிட்டயும் சொல்லலியா நீ?

— சொல்லக் கூடாதுன்னார். நீங்களும்தான் சொன்னீங்க.

— சரி... அதுக்கு என்னயா பழி வாங்கணும்?

— பழியெல்லாம் இல்ல மிஸ். பின்னாடி, மேடம் பக்கத்துல, எங்க கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தாங்க. அடுத்த வருஷம் கணக்கு குரூப்புக்கு யாரு யாருன்னு அவங்கதான் இந்த வாரம் முடிவு பண்றாங்க. ஒரே ஒரு தடவ, என் வாயிலேர்ந்து சரியா ஒண்ணு அவங்க காதுல விழட்டும்னு...

— கணக்கு குரூப்பா? நீயா?

— ஏன் மிஸ்?

— இல்ல... சும்மா கேட்டேன்.

— டீச்சரம்மா! உள்ளயா இருக்கீங்க? காலேஜ் மேடம் டீ குடிச்சு முடிச்சாச்சு. உங்கள ஹெட்மாஸ்டர் ரூமுக்கு வரச் சொன்னாங்க.

— இதோ வந்துட்டேன் அட்டெண்டர் அண்ணே! அஞ்சே நிமிஷம்னு சொல்லுங்க... கேட்டியா? நேரமில்ல. இப்ப நீ என்கூட வர்ற. "மேடம், நான் முதல்ல தப்பாத்தான் முணுமுணுத்தேன். மிஸ் முறைச்சதும் மாத்திச் சொல்லிட்டேன். மிஸ் தப்புன்னது முதல்ல சொன்னத"ன்னு சொல்லு. அவ்வளவுதான்.

— எங்க கணக்கு டீச்சரும் அங்க இருப்பாங்களே.

— இருந்தா இருக்கட்டும். அவங்ககிட்ட அப்பறமா நான் பேசிக்கிறேன்.

— எப்ப மிஸ்? இன்னிக்கோட நீங்க கிளம்பிடுவீங்களே. ஒண்ணு கேக்கிறேன், உண்மையச் சொல்லுங்க. தப்பு சொல்றதுக்கு ஏன் என்னத் தேர்ந்தெடுத்தீங்க?

— நீ தைரியசாலி. கணீர்னு பேசுவ.

— நானா? உங்க கிளாஸ்ல ஒரு நாளாவது வாயத் தெறந்திருக்கேனா மிஸ்?

— ...யாரு சொன்னா இயல்பா இருக்கும்னு உங்க கணக்கு டீச்சர்கிட்ட கேட்டேன்.

— என்ன சொன்னாங்க?

— விடு. வா, போலாம்.

— மிஸ்...

— "அவள எந்திரிச்சு நிக்கச் சொல்லு, தப்பு தானா வரும், அவளுக்கு ஒத்திகையே வேணாம்"னாங்க. போதுமா? நான்தான் மனசு கேக்காம ஒத்திகை பார்த்தேன். இப்ப மூஞ்சியக் கழுவிட்டு வா. மேடம்கிட்ட சொல்லுவியா, மாட்டியா?

— சொல்லியாச்சு மிஸ். கிளாஸ் முடிஞ்ச கையோட போய், இப்ப நீங்க சொல்லச் சொன்னீங்களே, அதே மாதிரிதான், முதல்ல தப்பா முணுமுணுத்தேன்னு சொல்லிட்டேன். அட்டைய ஒட்டறப்ப ரெண்டு தடவ கீழ போட்டுட்டீங்க... பாவமா இருந்துச்சு. மேடம்தான் ரெண்டு மூணு கேள்வி கேட்டாங்க. எங்க கணக்கு டீச்சர் ஒண்ணுமே கேக்கல. உடனே நம்பிட்டாங்க.