அப்பாவை இரண்டு ஆளாக வரைந்த பெண்

என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெல்லி ஜனக்புரியில் மெட்ரோ ஏறினேன். பக்கத்தில் ஓர் அம்மாவும் கல்லூரி போகும் மகளும் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, படத்துல அப்பாவை ரெண்டு ஆளா போட்டுட்டேன்."

"ரெண்டா? ஒருத்தரையே என்னால சமாளிக்க முடியல."

உறவுமுறைகளைப் பற்றிய பாடமாம். அவரவர் குடும்பத்தை, பெண்ணுக்கு வட்டம் ஆணுக்கு முக்கோணம் என்று வரைந்து, அன்று வகுப்பில் விளக்க வேண்டுமாம்.

"நீ சொந்த தாய்மாமனையே கட்டிக்கிட்டேன்னா எல்லாரும் சிரிப்பாங்கம்மா. என் ஃப்ரெண்ட் ஹரியானாக்காரி. அவ ஊர்ப் பசங்க எல்லாருமே அவளுக்கு பையாதானாம்."

"ஊர் முழுக்க அண்ணனா? எத்தனை ராக்கிதான் கட்டுவா, பாவம்!"

"ஜோக் அடிக்காத. அதான் உன் புருஷன் ஒருத்தர், உன் மாமா ஒருத்தர்னு வரைஞ்சுட்டேன்."

"இந்த முக்கோணத்து மேல என்ன கோடு?"

"அது மாமா. செத்துட்டார்னு அர்த்தம். இல்லேன்னா எங்க இருக்கார்னு கேப்பாங்க."

அந்த அம்மா இதற்குச் சிரிக்கவில்லை. வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது.

"சொல்லுங்க மாமா... அச்சா... அய்யோ, இந்த வெயில்ல எதுக்கு?... சரி, வாங்க."

போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார்.

"செத்தவர் உன் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு அடுத்த மெட்ரோல வராராம்."

மகள் பையிலிருந்து ரப்பரை எடுத்து, கோடு போட்ட முக்கோணத்தை அழித்தாள். அப்பாவை, அவருடைய அக்காவான பாட்டியோடு சேர்த்து ஒரு கோடு இழுத்தாள்.

"கோடு ரொம்ப சுத்துதேம்மா."

"சுத்தட்டும்."

எழுதி முடித்தது ஆகஸ்ட் 24, ஞாயிற்றுக்கிழமை.