ஏழாவது வளைவு

எனக்கென்று சொந்தமாகக் கார் கிடையாது, ஐயா. இருபத்தாறு வருஷமாகக் கார் கம்பெனிக்குப் பஸ்ஸில்தான் போய்வந்தேன். புது வண்டிகளைச் சோதனைப் பாதையில் ஓட்டிப் பார்த்து, குறை எழுதித் தருவது என் வேலை.

எங்கள் கம்பெனியின் குட்டி ஸ்போர்ட்ஸ் காரின் எல்லாத் தலைமுறையும் என் கையில் வளர்ந்தவை. முதலாவது சரியான முரடு. வளைவில் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும், பின்பக்கம் வெடுக்கென்று சுழன்றுவிடும். மிதித்தபடியே போனால் சமர்த்தாக வரும். இரண்டாவதில் சக்கரத்தை அகலமாக்கி அந்தக் குணத்தைக் குறைத்தார்கள். மூன்றாவது கனத்துப்போய், யார் ஓட்டினாலும் சொன்னபடி கேட்டது. அதில் காலை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது.

நான்காவதில் எடையைக் குறைத்தார்கள். முதல் நாளே ஓட்டிப் பார்த்தேன். பழைய முரட்டுக் குணம் அப்படியே திரும்பியிருந்தது. குறிப்பு எழுதி முடித்த நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்களுக்கும் வயசாகுதுல்ல. இனிமே உங்க மாப்பிள்ளை ஓட்டட்டும்," என்றார்.

மாப்பிள்ளை என்றால் என் தங்கை புருஷன். அவனை அங்கே சேர்த்துவிட்டதே நான்தான். மூன்றாவதைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாதவன். எனக்கு வயிறு எரிந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் காரணம் அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஹெல்மெட்டோடு வந்தான்.

"மச்சான், வண்டி எப்படி? ஏதாவது சேட்டை பண்ணுமா?"

"அதெல்லாம் பண்ணாது மாப்ளே. நல்லா மிதிச்சுப் போ. ஏழாவது வளைவுல பயமா இருந்தா மட்டும் காலை எடுத்துடு."

குறிப்பு என் சட்டைப் பையில் இருந்தது. அவன் என் தோளில் தட்டிவிட்டுப் போனான். சொன்னபடியே காலை எடுத்திருக்கிறான். வண்டியின் பதிவுக் கருவியில் அது இருக்கிறது.

பிணவறை வாசலில் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசியா உன்கிட்டதானே பேசினாரு. என்னண்ணா சொன்னே?"

"பார்த்துப் போகச் சொன்னேம்மா."

"நீயாவது சொன்னியே," என்று அந்தக் கையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள். கூசிப்போனேன், ஐயா. அந்தக் கையால் இன்றுவரை ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

வண்டி சுழன்று ஓரத்துப் புல்லில் போய் நிற்கும், அசடு வழியத் திரும்பி வருவான், வேலை எனக்கே கிடைக்கும் என்றுதான் நினைத்தேன். இத்தனை நாளாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். மற்ற வளைவுகளில்தான் ஓரத்தில் புல் இருக்கிறது. ஏழாவதில் சுவர். தெரிந்துதான் அந்த வளைவைச் சொன்னேன்.