நாலு கேமரா, ஒரு வாசல்

ஒரு கம்ப்யூட்டர்ல நாலு கேமரா மாட்டுறது பெரிய வித்தையில்லை மேடம். நாலையும் ஒரே நேரத்துல ஓட வைக்கிறதுலதான் தாவு தீர்ந்துடும். இந்தத் தீவுல, ஜங்லிகாட்ல கடை போட்டுப் பதினோரு வருஷமா இதே வேலை பார்க்குறவன், எனக்கே ரெண்டு நாள் ஆச்சு.

எங்க அம்மா பேச்சியம்மாவுக்கு மறதி நோய். ஜூன் மாசம் ஒரு காலையில நான் வேலைக்குப் போன பிறகு, செருப்புகூடப் போடாம வீட்டுக்குப் பக்கத்துல இருக்குற பாம்பூஃப்ளாட் ஜெட்டிக்கு நடந்து போயிட்டாங்க. செத்து ஒன்பது வருஷமான அப்பாவுக்குச் சோறு கொண்டு போறாங்களாம். யாரோ போன் பண்ணி நான் திரும்பி வந்தப்ப, படகுக்கும் ஜெட்டிக்கும் நடுவுல ஒரு காலைத் தொங்கவிட்டுக்கிட்டு நின்னாங்க. அன்னிலேருந்து எனக்குப் பயம்.

அதனாலதான் கேமரா. வாசல், கூடம், அடுக்களை, படுக்கையறை. கடையிலேருந்தே போன்ல பார்க்கலாம். மூணு படம் வந்துது, நாலாவது கறுப்பு. கம்ப்யூட்டர்ல வயர் சொருகுற ஓட்டை எத்தனை இருந்தாலும் உள்ளுக்குள்ள எல்லாத்துக்கும் வாசல் ஒண்ணுதான், அதுல இவ்வளவு பாரம்தான் போகும். படத்தோட அளவைக் குறைச்சேன். நாலும் வந்துது, ஆனா விக்கி விக்கி. கூடத்துல நிக்கிறவங்க அடுத்த நொடி இல்லை. அந்த ஒரு நொடியில எனக்கு உசிரே போயிடும். உள்ள இன்னொரு வாசல் குடுக்குற கார்டு ஒண்ணு தனியா போட்டா சரியாகும். அது மெயின்லேண்டிலேருந்து கப்பல்ல வர இருபது நாள். இருபது நாள் எப்படி மேடம் பயந்துக்கிட்டே இருக்கிறது?

கேமராவைக் குறைக்கணும்னா அறையைக் குறைக்கணும். வாசக்கதவைப் பூட்டினேன். அடுக்களையில நெருப்பு இருக்கு, அதையும் பூட்டினேன். ரெண்டு படம் நல்லாவே ஓடிச்சு. அப்புறம் கூடம் மட்டும் எதுக்குன்னு தோணுச்சு. படுக்கையறையை வெளியில பூட்டினேன்; உள்ள ஒரு கட்டில், ஒரு வாளி, ஒரு குடம் தண்ணி, ஒரு கேமரா. சத்தமும் அதே வழியிலதான் வரும். மைக்கை நிறுத்தினதும் படம் துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு. அம்மா கேமராவைப் பார்த்து வாயசைப்பாங்க. "ஏலே பாலா"ன்னுதான் இருக்கும். கார்டு வந்துது. பார்சலைப் பிரிக்கலை. அதுக்குள்ள அவங்க பழகிட்டாங்க.

போன மாசம் ஹேவ்லாக் தீவுல ஒரு ரிசார்ட்டுக்குப் போனேன். ஒரு நாள் வேலை, ரெண்டு வேளைச் சோறு வெச்சுட்டுத்தான் போனேன். கடல் கொந்தளிச்சு, கப்பலை நிறுத்திட்டாங்க. அஞ்சு நாள். ரெண்டாவது நாள் பக்கத்து வீட்டு விஜயகுமாரி அக்கா போன் பண்ணினாங்க. "அரே பாலா, உன் மாஜி கதவை அடி அடின்னு அடிக்கிறாங்க. பூட்டை உடைக்கட்டா?"

திறந்தா மறுபடி ஜெட்டி, மறுபடி தண்ணி. படத்தைப் பார்த்தேன். கதவுகிட்ட உட்கார்ந்திருந்தாங்க, பத்திரமா. "உடைக்காதீங்க அக்கா, நான் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்"ன்னேன். பொய்யில்லை மேடம். கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்த்தேன்.

குடம் காலியானது தெரிஞ்சுது. அவங்க அதைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்ததும் தெரிஞ்சுது. அப்பவும் நான் அக்காவைக் கூப்பிடலை. கூப்பிட்டிருக்கலாம், போன் கையிலதான் இருந்துது. இதையும் வாக்குமூலத்துல எழுதிக்கோங்க.

நாலாவது நாள் காலையில படத்தோட பாரம் திடீர்னு குறைஞ்சுது. நான் வெச்சிருந்த முறையில அசையுற இடம் மட்டும்தான் புதுசா வரும். அசைவு இல்லைன்னா அனுப்ப ஒண்ணும் இருக்காது. அது எனக்குத் தெரியாதா, என் தொழிலாச்சே. ஆனா அன்னிக்குத்தான் மேடம், எனக்குப் பயம் விட்டுச்சு. அம்மா இருந்த இடத்தை விட்டு ஒரு அடி நகரலை.