றெஜினாவின்ர டொபோகன்

இல்லை அருள்நாயகம் அண்ணை, நான் இருக்க வரேல்லை. தேத்தண்ணியும் வேண்டாம், அக்காவை அடுப்பை நிப்பாட்டச் சொல்லுங்கோ. குப்பை போடுற கார்பேஜ் அறையின்ர திறப்பைத் தாங்கோ, நான் போறன்.

என்னத்துக்கோ? என்ர டொபோகன் உள்ளுக்க கிடக்கு. வாசல்ல சாத்தி வைச்சிருந்த சிவப்புச் சறுக்கு வண்டில். நீங்கள்தானே தூக்கி எறிஞ்சனீங்கள்? ஞாயிறெண்டால் மத்தியானத்துக்குத்தான் எழும்புறனீங்கள், இண்டைக்கு மட்டும் என்ன அவசரம்? ஒருக்காக் கதவில தட்டிக் கேட்டிருந்தால் கை தேஞ்சு போயிருக்குமோ? உங்களிட்ட இந்த பில்டிங்கின்ர பொறுப்பைக் குடுத்தது குரங்கின்ர கையில பூமாலை குடுத்த கதைதான்.

விளையாட்டுச் சாமானோ? ஓம், பிள்ளையள் மேட்டில இருந்து வழுக்கி வாறதுதான். ஆர் இல்லையெண்டது? எங்கட ஸ்டெபனிக்கும் ஒரு காலம் அப்பிடித்தான். அவள் கலியாணம் முடிச்சுக் கல்கரிக்குப் போனாப் பிறகு, கார் இல்லாத எங்களுக்கு அதுதான் லொறி. கடையில வாங்கின அரிசி மூட்டை அதில வந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசின் பழுதான நேரம் ஊத்தை உடுப்பு அதில போனது. போன வருசம் உங்கட கார் ஸ்னோவுக்க புதைஞ்சு நிக்கேக்க, ஸ்னோ கரைக்கிற உப்புச் சாக்கை ஆர் அதில போட்டு இழுத்து வந்து தந்தது? அப்ப விளையாட்டுச் சாமானாத் தெரியேல்லையோ?

சிரிக்காதேங்கோ அண்ணை. எனக்குப் பத்தியெரியுது.

புதுசு வாங்கித் தாறீங்களோ? உங்கட புதுசை நீங்களே வைச்சிருங்கோ. அதில நான் முதுகு சாய ஒரு பலகை அடிச்சு, இடுப்புக்கு பெல்ட்டும் பூட்டி வைச்சனான். காணேல்லையோ? கண்டிட்டோ எறிஞ்சனீங்கள்? எந்தச் சின்னப்பிள்ளைக்கு அவ்வளவு பெரிய பெல்ட்?

றெஜினாவுக்கு.

என்ர மனுசிக்குப் பாரிசவாதம் வந்தது உங்களுக்குத் தெரியும்தானே. ஆஸ்பத்திரியில பேச்சுப் பழக்கிற பிள்ளை ஒண்டு கோப்பை, கதிரை எண்டு படம் படமாக் காட்டிப் பாத்தாள். ஒரு சொல்லும் வரேல்லை. என்ர பேரே வரேல்லை. ஸ்னோ கொட்டினால் வீல்செயாரும் உருளாது. மாதா கோயிலுக்குப் பூசைக்குக் கொண்டுபோக வேற வழியில்லாமல், ஒரு ஞாயிறு அதில இருத்தி இழுத்துக்கொண்டு போனன். வளைவில திரும்பேக்க பின்னால ஒரு சத்தம். டொபோகன் எண்டு. கயித்தைப் பிடிச்சபடி நடுறோட்டில நிண்டு அழுதனான், அண்ணை.

அண்டையில இருந்து அந்த ஒரு சொல்லுத்தான். பசிச்சாலும் டொபோகன். கால் குளிர்ந்தாலும் டொபோகன். எனக்கு ஏசுறதும் அதாலதான், படுக்கேக்க என்ர கையைப் பிடிச்சுச் சொல்லுறதும் அதுதான். எது எதெண்டு எனக்கு விளங்கும். மற்றாக்களுக்கு விளங்காது.

இண்டைக்கும் கோட்டும் சப்பாத்தும் போட்டு, காலமையில இருந்து கதவடியில இருக்கிறா. சொல்லிக்கொண்டே இருக்கிறா. இண்டைக்கு அவ வண்டிலைத்தான் கேக்கிறா, அண்ணை. வேற ஒண்டையுமில்லை.

திறப்பைத் தாங்கோ.