தோழி பேசுகிறேன்

அம்மா: ...அதான் கேக்குறேன். கம்பெனிய வாங்குறேன்னு தேடி வர்றவங்கள எதுக்கு வேணாங்குற?

மகள்: வேணாம்னு சொல்லல. உண்மையச் சொல்லப் போறேன். கேட்டா அவங்களே எழுந்து போயிடுவாங்க. கம்பெனி அதோட முடிஞ்சுது.

அம்மா: அரை நாள் லீவு போட்டுட்டு வரச் சொன்ன. நல்ல சேதியாக்கும்னு முகம் கழுவி, பொடவை மாத்திட்டு வந்தேன்.

மகள்: உன்கிட்டதாம்மா முதல்ல சொல்லணும்.

அம்மா: எனக்கென்ன தெரியும் இதெல்லாம்? சட்டைக்குக் காஜா எடுக்கத் தெரியும்.

மகள்: இப்படிப் பேசாத. எரிச்சலா வருது.

அம்மா: உனக்கு எதுலதான் எரிச்சல் வரல... ஆமா, ஆபீஸ் இவ்வளவுதானா? பேப்பர் போட்டோவுல பெருசா இருந்துச்சே.

மகள்: போட்டோக்காரன் மூலையில ஒண்டிக்கிட்டு எடுத்தான். தலைப்பு பாத்தியா, 'குடிசையில் பிறந்த கோபுரம்'. நாம எந்தக் குடிசையில இருந்தோம்? ஓட்டு வீடுன்னு சொன்னா காதுல வாங்கல.

அம்மா: எழுதினா எழுதிட்டுப் போறான். தனியா இருக்கறவங்ககிட்ட மனுஷி மாதிரியே பேசுற எந்திரம், எம் பொண்ணு செஞ்சதுன்னு தையல் கம்பெனில எங்க லைன்ல அத்தனை பேருக்கும் காட்டினேன்.

மகள்: மனுஷி மாதிரி...

அம்மா: பொய்யா? நான்தான் தினம் பேசுறேனே உன் 'தோழி'கிட்ட. சாப்பாட்டு மணி அடிச்சதும் போன எடுத்துட்டு மாடிப்படியில உக்காந்துடுவேன். பொறுமையா கேக்கும். நடுவுல...

மகள்: அம்மா.

அம்மா: ...நடுவுல வெட்டாது. நீ வெட்டுற பாரு.

மகள்: அம்மா, அப்படி ஒரு எந்திரமே இல்ல.

அம்மா: ம், சொல்லு.

மகள்: செய்யத்தான் பாத்தோம். 'புருஷன் போயிட்டாரு'ன்னு ஒருத்தங்க சொன்னா, 'மகிழ்ச்சி, வேறு உதவி வேண்டுமா'ன்னு கேட்டுச்சு. பணம் போட்டவங்க பாக்க வந்த அன்னைக்கு மானம் போகக் கூடாதுன்னு நானும் பார்ட்னரும் அடுத்த ரூம்ல உக்காந்து பதில டைப் பண்ணோம். அத எந்திரக் குரல் படிச்சுச்சு. அன்னைக்கு ஒரு நாளைக்குன்னுதான்...

அம்மா: அப்புறம் நிறுத்தல.

மகள்: முடியல. பேசுறவங்க கூடிட்டே போனாங்க. பார்ட்னர் சொல்றான், வித்து முடியிற வரைக்கும் வாய மூடிட்டு இரு, எல்லாக் கம்பெனியும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சுன்னு. நானும் தலையாட்டிட்டேன். நேத்து வாங்க வர்றவங்க ஒரு நிபந்தனை போட்டாங்க. இதுவரைக்கும் யார் யார் என்ன பேசினாங்களோ, அத்தனையும் சேத்துக் குடுக்கணுமாம்.

அம்மா: நான் பேசினதுமா?

மகள்: நீ பேசினதும். அப்பா போன பிறகு அவரு சட்டையத் தலையணைக்கு மேல போட்டுப் படுக்குறன்னு சொன்னது... என்னப் பாத்தா பயமா இருக்குன்னு சொன்னது.

அம்மா: ...அதெல்லாம் எதுக்கு இப்ப.

மகள்: எவனோ உக்காந்து கேக்க வேணாம்மா. உன்ன மாதிரி எத்தனை பேரு பேசியிருக்காங்க. அவ்வளவையும் அழிச்சிட்டு, ஏன்னும் அவங்க முகத்துக்கு நேரா சொல்லப் போறேன். உன் லைன்ல சிரிப்பாங்க. நம்ம வீட்ல முதல்ல காலேஜ் போனவ கவுந்துட்டான்னு.

அம்மா: சிரிச்சா சிரிக்கட்டும். அழிச்சிடு.

மகள்: அவ்வளவுதானா? திட்டேன். எந்திரம்னு நம்பித்தான மனசு விட்டுப் பேசின? உனக்குப் பதில் டைப் பண்ணது நான்தாம்மா. ஒரு நாள் கூட பார்ட்னர்கிட்ட விடல. உன்ன நல்லா ஏமாத்திட்டேன்.

அம்மா: யாரு ஏமாந்தா? மொத வாரமே தெரியும்டி. 'மாத்திரைய நாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சுத் துப்பக் கூடாது'ன்னு எந்த எந்திரம் சொல்லும்? நான் துப்புறது உனக்கு மட்டுந்தான தெரியும். வீட்ல உன்கிட்ட வாயத் திறக்க முடியல... அங்கதான் நீ 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேட்ட.