இருபத்தைந்தாவது பிள்ளை

எங்கள் பள்ளியில் மணி கிடையாது. சாப்பாட்டு நேரம் வந்தால் விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவோம். காது கேளாத பிள்ளைகள் தட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். பதினோரு வருடமாக லிங்கராஜபுரத்தில் அப்படித்தான் நடத்துகிறேன்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது அந்த விண்ணப்பத்தைப் பற்றி. சொல்கிறேன்.

அரசு மானியத்துக்குக் குறைந்தது இருபத்தைந்து பிள்ளைகள் வேண்டும். என்னிடம் சரியாக இருபத்தைந்து. ஒன்று குறைந்தாலும் மொத்த மானியமும் நின்றுவிடும். நான் சிக்பேட்டைத் துணிக்கடையில் வளர்ந்தவன், கேட்டுப் பார்ப்பதில் கூச்சமில்லை. "டஜனுக்கு ஒண்ணு கொசுறு குடுப்போம் சார். இருபத்துநாலுக்கு ஒண்ணு சேத்துக்கக் கூடாதா?" என்று ஆய்வுக்கு வந்த அதிகாரியிடம் கேட்டேன். சிரித்தார். இறங்கி வரவில்லை.

இருபத்தைந்தில் ஒருத்தி சங்கமித்ரா. காதுக்குள் கருவி வைக்கும் இலவச அறுவைச் சிகிச்சைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு வயது முடிவதற்குள் செய்ய வேண்டும். விண்ணப்பம் என் கையெழுத்தோடு பள்ளியிலிருந்து போக வேண்டும். கேட்கத் தொடங்கினால் அவள் சாதாரணப் பள்ளிக்குப் போய்விடுவாள். விண்ணப்பத்தை என் மேஜை டிராயரில் வைத்தேன். கிழிக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் அம்மா பாஞ்சாலி தங்கவயல்காரர். பொம்மனஹள்ளியில் கார்மெண்ட்ஸ் வேலை. மாதாமாதம் அரை நாள் லீவு போட்டு வருவார்.

"ஆஸ்பத்திரில எதுனா சொன்னாங்களா சார்? ஜனவரில ஆறு முடிஞ்சிடும்."

"அனுப்பியாச்சும்மா. கவர்மெண்ட் வேலை, மெதுவாத்தான் ஆவும்."

"சீக்கிரம் ஆனா தேவல சார். இவள நான் திட்டுறதெல்லாம் வேஸ்டா போவுது."

இருவரும் சிரித்தோம்.

ஒருநாள் குளோரியா டீச்சர் ஸ்டேப்ளர் தேடி டிராயரைத் திறந்தார்.

"சார், இது இன்னும் இங்கயே இருக்கே?"

"இருபத்துநாலு ஆனா உங்க சம்பளம் எங்கிருந்து வரும் மிஸ்?"

டிராயரை மூடினார். உங்களிடம் வந்து சொன்னது அவர்தான் என்று தெரியும். கோபமில்லை. ஆனால் ஜனவரி முடிந்த பிறகுதான் வந்திருக்கிறார், கவனித்தீர்களா.

நான் சும்மா இருக்கவில்லை. வேறொரு பிள்ளை கிடைக்குமா என்று பீன்யா வரை போய் வீடுவீடாக விசாரித்தேன். கிடைத்திருந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பேன். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு அது. அமையவில்லை.

பிப்ரவரியில் பாஞ்சாலி வந்தார். "வயசு தாண்டிடுச்சுன்னு சொல்லிட்டாங்கம்மா" என்றேன். பிள்ளையின் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டார். பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார். "உடுங்க சார். நீங்களும்தான் எவ்ளோ அலைவீங்க."

ஆமாம், தெரிந்துதான் செய்தேன். அந்தப் பிள்ளை இனி கேட்கமாட்டாள், பேசமாட்டாள் என்று தெரிந்தே செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பாஞ்சாலியிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். அவர் மனது கஷ்டப்படுவதை என்னால் பார்க்க முடியாது.