மாப்பிள்ளைக்கு ஒரு ரேஞ்ச்ஃபைண்டர்

ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கப் பதினோரு மாதமா ஆகும் என்று கேட்கிறாய், பாப்பா. ஆகும். உன் அம்மாவைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல உன் அப்பாவுக்கு அரை நாள் போதுமாக இருந்தது. ஆனால் இது கோல்ஃப் சாமான். நிதானம் வேண்டும்.

உட்கார். படிக்கட்டு சுத்தமாகத்தான் இருக்கிறது, காலையில் நானே பெருக்கினேன். பெட்டியை அந்த ஓரமாக வை. மேலே போகலாம், அவசரமில்லை.

அந்தச் சாமானை நீ பார்த்திருக்க மாட்டாய். பைனாகுலரை நடுவில் பிளந்த மாதிரி இருக்கும். ஒற்றைக் கண்ணால் பார்த்து, குழியில் நட்டிருக்கும் தூரத்துக் கொடிக்கு நேரே பிடித்துப் பொத்தானை அமுக்கினால், லேசர் போய்த் தொட்டுவிட்டு வந்து இத்தனை கெஜம் என்று உள்ளே எண் காட்டும். எண்ணுக்குத் தகுந்த மட்டையை எடுத்து அடிக்க வேண்டியதுதான். ஜவுளிக்கடையை விட்டால் உலகத்தில் இன்னும் கெஜக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த ஆட்டக்காரர்கள்தான்.

அதற்கு முன்னால் உன் அப்பா தூரத்தை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. ஏழாவது குழிக்கு அவர் அடித்த பந்து ஒன்று வேலியைத் தாண்டி, சாலையில் போன மணல் லாரியில் விழுந்து, அப்படியே போய்விட்டது. நூற்றுப் பத்து கிலோமீட்டர், இந்த மைதானத்திலேயே நீளமான அடி அதுதான் என்று கிளப்பில் சத்தியம் செய்வார். நான் சாட்சி சொல்வேன். எழுபத்தோரு வயது மனிதரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிட, அவர் என்னை மச்சான் என்று கூப்பிட, எங்கள் பேச்சை யார் நம்பினார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் சிரித்தார்கள். உன் அம்மா போன பிறகு அந்த வீட்டில் சிரிப்பு என்று இருந்தது அந்த லாரி ஒன்றுதான்.

எனக்குத் தங்கை போனாள். மனைவி, மக்கள் என்று வேறு கணக்கு எனக்குக் கிடையாது. மூக்குக்கண்ணாடிக் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தேன். காலையில் இரண்டு தம்ளர் காப்பி போடுவேன். அவர் பேப்பரைச் சத்தமாகப் படிப்பார், தப்பு கண்டுபிடிப்பது என் வேலை. வாரம் மூன்று நாள் மைதானம். அவ்வளவுதான் எங்கள் குடித்தனம்.

நீ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாய். உன் ஊருக்கே வந்துவிடச் சொல்லிக் கெஞ்சுவாய். அவரும் தவறாமல் ஒரே பதிலைச் சொல்வார்.

"கண்ணு காது நல்லா இருக்கற வரைக்கும் இங்கயே இருந்துக்கறேன்மா. ஒண்ணு போச்சுன்னா அடுத்த பிளேனை புடிச்சு வந்துடறேன், போதுமா?"

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கொடி சரியாகப் பிடிபடவில்லை, தூரம் தப்புகிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தது சென்ற வருஷம். கருவி வாங்கலாம் என்றார். விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனோம். கல்லாவுக்குப் பின்னால் ஓர் அம்மாள். அவர் ஒன்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்பதால் நாங்கள் அவருக்கு அம்பயர் என்று பெயர் வைத்திருந்தோம். முதல் கருவியை வாங்கி மைதானத்தில் வைத்துப் பார்த்தோம்.

"கொடி தெரியுது மச்சான். நம்பரைக் காணோமே."

எண் கீழ் ஓரத்தில் இருந்தது. நான் வாங்கிப் பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது. அவரிடம் திருப்பிக் கொடுத்தேன், அவருக்குத் தெரியவில்லை. நாற்பது வருஷம் ஊரார் கண்ணைப் பார்த்தவன், பாப்பா. பார்வை ஓரத்திலிருந்து தின்னப்பட்டுக்கொண்டு வந்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். வலி இருக்காது. அவருக்கே தெரியாது. தினம் ஒரு சொட்டு மருந்து விட்டால் அது நின்ற இடத்தில் நின்றுவிடும் என்பதும் தெரியும். போனது வராது, இருப்பது தங்கும்.

"மட்டமான சாமான் மாப்பிள்ளை. லென்ஸே சரியில்ல" என்றேன்.

ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த வாரம் மழை வேறு, மைதானம் மூடியிருந்தது. வீட்டிலேயே இருந்து சீட்டாடினோம். நல்ல வாரம்.

இரண்டாவது கருவியில் எண் மேலே, சிவப்பாக வந்தது. அதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. இடது கண்ணில் வைத்துப் பார்க்கப் போனார். இடது கண் கொஞ்சம் தேவலையாக இருந்தது. அதில் பார்த்திருந்தால் வித்தியாசம் அவருக்கே தெரிந்திருக்கும்.

"வலது கைக்காரர் வலது கண்ணுலதான் பாக்கணும். இல்லேன்னா அடி கோணிக்கும்" என்றேன்.

அப்படி ஒரு விதியும் கிடையாது. அவர் அன்றிலிருந்து இடது கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவதைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அம்பயர் அதை வாங்கி, கடை வாசலுக்குப் போய், எதிர்ச்சாரியில் இருந்த தந்திக்கம்பத்தை அளந்துவிட்டு வந்தார்.

"சார், மெஷின்ல ஒரு குறையும் இல்ல. ஐயா ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்க."

உன் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் தோளில் தட்டினார்.

"யாருகிட்டம்மா காட்டறது? நாப்பது வருஷமா ஊருக்கே கண்ணாடி போட்டவரு என் மச்சான். கூடவே கூட்டிட்டுத் திரியறேன், நான் போய் டாக்டர் வாசல்ல டோக்கன் வாங்கிட்டு உக்காரணுமா?"

அம்பயர் என்னைப் பார்த்தார். "அப்படியா சார்? நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேம்மா" என்றேன்.

அன்று சாயங்காலம் அவரே நாற்காலியை வெளிச்சத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "எதுக்கும் நம்ம மெஷினை வெச்சு ஒரு தடவை பாத்துடுங்க மச்சான். அந்தம்மா சொன்னது மனசுல உறுத்துது."

கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி கடையிலிருந்து கொண்டுவந்த பெட்டியில் இருந்தது. இருபத்தொன்று வரை இருக்கலாம். அவருக்கு வலதில் முப்பத்தெட்டு, இடதில் முப்பத்தொன்று. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று இரண்டு முறை பார்த்தேன். வேலையில் நான் எப்போதும் சுத்தம்.

"எவ்வளவு?" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பதினாறு. ரெண்டும் பதினாறு. பச்சைக் குழந்தை கண்ணு மாப்பிள்ளை."

அவர் எழுந்து என் கன்னத்தைக் கிள்ளினார். "அப்ப அந்தம்மாவுக்குத்தான் கண்ணாடி மாத்தணும்."

இரவு நீ போன் செய்தாய். "கண்ணு ரெண்டும் பதினாறு வயசாம்மா, மாமா சொல்லிட்டாரு" என்று உன்னிடமும் சொன்னார். நினைவிருக்கிறதா? நீ சிரித்தாய்.

நாலாவது கருவி நல்ல கருவி. கொடியைப் பிடித்ததும் கையில் ஒரு துடிப்பு துடிக்கும். அதற்குள் அவருக்கு எண்ணெல்லாம் வேண்டியிருக்கவில்லை. துடித்ததும், "புடிச்சுட்டேன் மச்சான், எவ்வளவு?" என்று என்னிடம் நீட்டுவார். நான் பார்த்துச் சொல்வேன். அவர் பிடித்தது பெரும்பாலும் வேப்பமரமாக இருக்கும், நான் கொடியின் தூரத்தைச் சொல்வேன். பந்து குளத்தில் விழுந்தால் பையிலிருந்து வேறொன்றை எடுத்துக் குழிக்கு இரண்டடி பக்கத்தில் போட்டுவிட்டு, "அட, என்னா அடி" என்பேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மேடு பள்ளம் வந்தால் பிடி இறுகும். எனக்குத் தெரிந்து அவர் அவ்வளவு சந்தோஷமாக ஆடியதே இல்லை. நானும் அப்படி இருந்ததில்லை.

கிளப் படியில் அவர் விழுந்ததும், ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்ததும், ஒரு வருஷம் முன்னால் வந்திருக்கலாமே என்றதும் உனக்குத் தெரியும். அலமாரியில் கருவியைத் திருப்பிக் கொடுத்த மூன்று சீட்டுகளைப் பார்த்து நீ கடைக்குப் போன் செய்தாய் என்பதும், அம்பயர் என்ன சொன்னார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் எனக்கும் போன் செய்தார். திட்டவில்லை. "ஏன் சார்?" என்று மட்டும் கேட்டார்.

நான் அவர் கண்ணில் எதையும் ஊற்றவில்லை, பாப்பா. விரலால்கூடத் தொடவில்லை. பதினாறு என்று ஒரு சொல் சொன்னேன். அதைத் திருத்த எனக்கு ஒன்பது மாதம் இருந்தது. தினமும் காலையில் இரண்டு தம்ளர் காப்பி போடும்போது இன்று சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அவர் பேப்பரை எடுப்பார். கடைசி மாதங்களில் எழுத்து ஓடவில்லை என்று என்னிடம் நீட்டிவிடுவார், நான் படிப்பேன், தப்பு கண்டுபிடிப்பது அவர் முறை. அப்படியே அன்றைய பொழுது போய்விடும்.

அவருக்கு எதுவும் தெரியாது. கண் போனது விதி என்கிறார். மச்சான் மட்டும் இல்லையென்றால் எப்போதோ போயிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுகிறேன்.

நீ அவரைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறாய், அது நியாயம். சொல்லாமல் வந்தது மட்டும்தான் கொஞ்சம் சங்கடம். நீ கார் கதவைத் திறந்து இறங்கியபோது அவர் மாடி ஜன்னலில் கருவியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போது அதுதான் பொழுதுபோக்கு. தெருவைத் துழாவுவார், துடித்தால் கேட்பார். நீ வாசலில் நின்று அவரை அண்ணாந்து பார்த்தாய். கருவி துடித்தது.

"எவ்வளவு மச்சான்?"

"பன்னிரண்டு கெஜம்" என்றேன்.

"யாரோ நிக்கற மாதிரி இருக்கே. கார் கதவு சத்தம் கேட்டுதே. பாப்பாவா?"

எட்டிப் பார்த்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாய்.

"விளக்குக் கம்பம் மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கி வந்தேன். ஒன்றுமில்லாததற்கு ஆசைப்பட்டு அவர் மனசு ஏமாந்துவிடக் கூடாதே என்றுதான்.